ஸ்பீக்கர் பெட்டியில் ஏறிய பட்டாளம்

டெல்சிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வட்டகொடையில் இது எல்லோருக்கும் தெரியும்; அவள் கணவன் ஜூட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனால் அந்தக் கோபக்காரியின் கை இருக்கிறதே, அது வேறு ரகம். விரல் நீளமே உள்ள பொம்மைச் சிப்பாய்க்குக் கண் எழுத உட்கார்ந்தால் மூச்சுக்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே வரும்.

பகலில் அவளுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை, காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில். வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டால் அவள் தளபதி. கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு பொம்மைக் கடையில் வேலைக்கு நின்றபோது தொற்றிய பைத்தியம் அது. கடை மாடியில் ஞாயிறுதோறும் சிலர் கூடுவார்கள். மேசையில் துணி விரித்து, சின்னஞ்சிறு சிப்பாய்களை அணி அணியாக நிறுத்தி, பகடை உருட்டி, நாடா பிடித்து அளந்து அளந்து நகர்த்திச் சண்டை போடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தது. தேநீர் கொண்டுபோன டெல்சியைச் சும்மா உட்காரச் சொன்னார்கள். அவளா சும்மா உட்காருகிறவள்? எதிராளியின் குதிரைப்படையைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் காலிக் கோப்பைகளோடு கீழே இறங்கினாள்.

மற்றவர்களின் படைகள் வெள்ளைக்காரக் கோட்டைகளிலிருந்து இறங்கி வந்தவை. டெல்சியின் படை தேயிலை மலையிலிருந்து இறங்கியது. மலிவாகக் கிடைத்த உடைசல் பொம்மைகளை வாங்கி, கம்பியும் களிமண்ணும் வைத்து ஒட்டி அவளே செய்த படை. இடுப்பில் சேலை நனையாமல் கட்டும் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, கையில் வாளுக்குப் பதில் தேயிலைச் செடி வெட்டும் நீளமான கவ்வாத்துக் கத்தி. எல்லாரும் பெண்கள். ஒருத்தி முகம் மற்றவள் முகம்போல இருக்காது. பக்கத்து வீட்டு வீரம்மா அதில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டு, என் மூக்குத்தி எங்கே என்று சண்டைக்கே வந்துவிட்டாள். டெல்சி மஞ்சளில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்த பிறகுதான் அடங்கினாள்.

அந்தப் படையைக் கொழும்பில் வருஷம் ஒருமுறை நடக்கும் பெரிய ஆட்டத்தில் மேசைமேல் நிறுத்த வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை போனபோது மானம் கப்பலேறிவிட்டது.

சிப்பாய்களைக் கொண்டுபோக ஒரு சப்பாத்துப் பெட்டி எடுத்திருந்தாள். அடிபடாமல் இருக்க இடையிடையே எதையாவது திணிக்க வேண்டுமே, பெக்டரிக்காரிக்குப் பஞ்சுக்கா பஞ்சம்? தூள் சலிக்கும்போது பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல ஒரு தூசி பறந்து மூலையெல்லாம் படியும். யாருக்கும் வேண்டாத சரக்கு. அதை ஒரு பை நிறைய அள்ளி வந்து மெத்தென்று அடைத்தாள். தேயிலை ஈரத்தை இழுக்கும், மூடிவை, மூடிவை என்று பெக்டரியில் தினமும் அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்வாள். தன் பெட்டி என்று வந்தபோது அது அவளுக்கே மறந்துபோனது. மலையின் பனியையும் கொழும்பின் புழுக்கத்தையும் குடித்து அந்தத் தூசி ஊறி, சரியாகக் காயாத வார்னிஷில் அப்பிக்கொண்டது. ஆட்டம் நடக்கும் மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் படையில் இருந்த பெண்களுக்கெல்லாம் தாடி! பிய்த்து எடுக்கப் போனவள் ஒருத்தியின் கத்தியை முறித்தாள், இன்னொருத்தியின் கையைக் கழற்றினாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொருத்தி பெட்டியாக இருந்தால் டெல்சியும் சிரித்திருப்பாள்.

ஆட்டத்தை நடத்திய வினோஜன் நல்ல பிள்ளை. தன் படை ஒன்றைத் தருகிறேன், அதை வைத்து ஆடுங்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னான்.

“அடுத்தவ பிள்ளையத் தூக்கிட்டுப் போயி நான் ஞானஸ்நானம் குடுக்கவா? வேணாங்க தம்பி,” என்றாள் டெல்சி.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிற கட்சி அவள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீடு வந்தாள். அடுத்த தடவை ஒரு கத்திகூட முறியாமல் என் பிள்ளைகள் அந்த மேசையில் நிற்காவிட்டால் தூரிகையைத் தொடமாட்டேன் என்று ஜூட்டிடம் சொன்னாள். பொம்மைக்காகவா இந்தச் சபதம் என்று கேட்ட ஜூட் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வழி பெக்டரியிலேயே இருந்தது. தூளில் ஆணியோ கம்பித்துண்டோ கலந்துவிடக்கூடாது என்று சல்லடைக்கு மேலே காந்தக்கட்டை வைத்திருப்பார்கள். அதைத் துடைத்து எடுப்பது டெல்சியின் வேலைகளில் ஒன்று. ஒருநாள் துடைக்கப் போனவள் கையை அப்படியே நிறுத்திவிட்டாள். இயந்திரம் பேய்பிடித்ததுபோல ஆடுகிறது. காந்தத்தில் ஒட்டிய குட்டி ஆணி மட்டும் தலைகீழாக, அசையாமல் தொங்குகிறது. அட, அடைத்து வைப்பானேன், ஒட்டி வைத்தால் போகிறது!

பக்கத்து டவுனான தலவாக்கலையில் ஃபிரிட்ஜ் திருத்துகிற கடையில் பழைய கதவு ரப்பர்கள் குவிந்து கிடக்கும். அதற்குள்ளே ஒரு காந்தப் பட்டி ஓடுகிறது, கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒவ்வொருத்தி பாதத்துக்கும் அடியில் ஒரு துண்டு ஒட்டினாள். பிஸ்கட் டின்களை வெட்டி விரித்து, ஓரத்தை மடக்கித் தட்டுகள் செய்தாள். இனி, தட்டுகளைச் செருக ஒரு கெட்டியான பெட்டி வேண்டும். அது ஜூட்டின் ஆட்டோவில் இருந்தது.

பின் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டிதான் அது. கெட்டியான பலகையில், சிவப்புத் துணி போர்த்தியது. ஸ்பீக்கர் கருகி மாதக்கணக்காகிறது. ஆனாலும் ஜூட் அதைக் கழற்றவில்லை. அது பாடிய காலத்தில் தலவாக்கலை வரைக்கும் அவன் ஆட்டோ வருவது தெரியும், அப்படி ஒரு பெருமை. டெல்சி கேட்டதும் முடியாது என்றான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் பெட்டியைக் கழற்றி, துடைத்து, அடுப்பங்கரை வாசலில் வைத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போய்விட்டான். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக டெல்சி சந்தோஷப்பட்ட நாள்களில் அதுவும் ஒன்று.

உள்ளே சட்டம் அடித்துத் தட்டுகளைச் செருகினாள். பக்கங்களில் கொழுந்துக் கூடைக் கயிற்றைக் கட்டினாள். கூடைபோலவே பெட்டியை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் ஓய்வு. பிறகு ஆட்டோவில் ஏற்றி, கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் ஜூட்டை விரட்டி விரட்டி ஓட்டச் சொன்னாள். திறந்து பார்த்தால் ஒருத்திகூட அசையவில்லை. அன்று ராத்திரிச் சோற்றுக்கு முட்டை பொரித்தாள்.

கொழும்புக்குப் போகிற நாளில் ஜூட்டும் கூட வந்தான். ரயிலில் சரியான சனக் கூட்டம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றவளிடமிருந்து பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, மேல் தட்டில் தூக்கி வைத்தவன் ஜூட். நாவலப்பிட்டி தாண்டி ஒரு வளைவில் ரயில் குலுங்கியது. பெட்டி சரிந்து, சனத்தின் காலடியில் தொம்மென்று விழுந்தது.

டெல்சி அதை அள்ளி எடுத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். உள்ளே லொடக் என்றது. மறுபடி ஆட்டினாள். லொடக்.

அவள் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. ஒரு வருஷ உழைப்பு. வீரம்மாவா, முன்னணியில் நிற்கும் தலைவியா, யார் தலை போனதோ. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஜூட், “டெல்சி, அது வந்து...” என்று ஆரம்பித்தான்.

“கோட்டை ஸ்டேசன் வர்ற வரைக்கும் ஒங்க வாயில இருந்து ஒரு சத்தம் வரக்கூடாது.”

வரவில்லை. அந்தோனியாரே, அந்தோனியாரே என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. ரயில் குலுங்கும்போதெல்லாம் பெட்டி லொடக் என்றது.

மண்டபத்துக்குள் பெட்டியை முதுகில் சுமந்து, கயிற்றைத் தலையில் மாட்டியபடியே நடந்து போனாள். உள்ளே எது உடைந்திருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். போன வருஷம் சிரித்தவர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். மேசையில் இறக்கி, முன்பலகையை நீக்கி, முதல் தட்டை உருவினாள்.

எல்லாரும் நின்றார்கள். இரண்டாவது தட்டு, எல்லாரும் நின்றார்கள். வீரம்மா மூக்குத்தியோடு நின்றாள். கடைசித் தட்டில் தலைவி கத்தியை ஓங்கிக்கொண்டு நின்றாள். டெல்சி அந்தத் தட்டைத் தூக்கி, எல்லோரும் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒருத்திகூட விழவில்லை. யாரோ கை தட்டினார்கள். என் பிள்ளைகள், என் பெட்டி!

அப்படியானால் லொடக் என்றது எது?

பெட்டியின் அடியில் கைவிட்டாள். ஒரு பொம்மை கிடந்தது. அவள் செய்தது அல்ல. காக்கிச் சட்டை, காதுவரை ஓடிய மீசை, ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. கையில் ஆயுதம் இல்லை. கம்பியை வளைத்துச் செய்த ஆட்டோ ஹேண்டில் ஒன்றுதான். வண்ணத்தை ஈயம் பூசுவதுபோலப் பூசியிருந்தது. பாதத்துக்கு அடியில் காந்தம் இல்லை.

டெல்சி மெல்லத் திரும்பி ஜூட்டைப் பார்த்தாள்.

“நேத்து நீ தூங்குனதுக்கப்புறம் வச்சேன்,” என்றான் அவன். “சொல்லத்தான் பார்த்தேன். நீ எங்க வாயத் தொறக்க வுட்ட?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்த முடியவில்லை. அணிவகுப்பைப் பார்க்க வந்த வினோஜன் அந்தக் கோணல் கண்காரனைக் கண்டு, அக்கா, இவர் யார் என்று கேட்டான்.

டெல்சி கைப்பையிலிருந்து மிச்சக் காந்தப் பட்டியை எடுத்து, ஒரு துண்டு வெட்டி அந்தப் பொம்மையின் காலடியில் ஒட்டினாள். தலைவிக்குப் பக்கத்தில், முன்வரிசையில் நிறுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரருங்க தம்பி. எங்க பட்டாளம் இவரு பெட்டியிலதான் வந்துச்சு.”