மலை ரோட்டில் மணியடித்துப் போனவள்

போன ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்து சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். டெக்சஸின் ஃபிரிஸ்கோ வெயிலில் கராஜ் என்பது இட்லிப் பானைதான். ஆனாலும் அந்த சொல்யூஷன் வாசம் இருக்கிறதே, அதற்காகவே உட்காரலாம். அப்போது எதிர் வரிசை வீட்டுத் தம்பி வந்தார். சேலத்துக்காரர், தங்கமான பிள்ளை. எங்கள் சப்டிவிஷன் குடியிருப்பின் பெரிய ரோட்டில் சைக்கிளே விடக் கூடாது என்று மனு போடப் போகிறார்களாம், என் கையெழுத்தும் வேண்டுமாம். "எல்லாம் சேஃப்டிக்குத்தான் ஆன்ட்டி. நாளைக்கு யாருக்காவது அடிபட்டா கஷ்டம்தானே?" என்றார்.

கையில் ட்யூபோடு உட்கார்ந்திருப்பவளிடம் வந்து இதைக் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தைவிட வேகமாக ஒரு சிரிப்பு வந்தது. இதே பேச்சை ஒரு முறை கேட்டு, எழுந்து நின்று எதிர்த்துப் பேசியவள் நான். அப்போது நான் ஆன்ட்டி இல்லை. குளிரில் மூக்கு ஒழுக மலை ஏறிப் போன கரூர்க்காரப் பெண்.

நியூ ஜெர்சியில் மலையா, அதில் பனிச்சறுக்கா என்று சிரிக்காதீர்கள். வடக்கு மூலையில் இருக்கிறது. நம் ஊர்க் கரட்டைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். வானம் பனி கொடுக்காவிட்டால் மிஷின் வைத்துப் பனியைத் தூவி, நியூயார்க்கிலிருந்து வருபவர்களைச் சறுக்கவிட்டுக் காசு பார்க்கும் ஊர். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஜெர்சி சிட்டியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கொரு மெத்தையைப் பிடித்துக்கொண்டு பிராஜெக்டுக்காகக் காத்திருந்தோம். மற்றவர்களுக்கெல்லாம் பேங்க் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அந்தச் சறுக்கு மலையின் ஆபீஸ். டிக்கெட், கணக்கு எல்லாம் ஓடும் பழைய புரோகிராமில் தேதியைத் திருத்த வேண்டும்.

அந்த ஊரில் பஸ் கிடையாது. எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஓட்டக் கற்றுத்தர ஆளும் இல்லை, காரும் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு லாண்டிரிக்கு மேல் அறை பிடித்திருந்தேன். சூடாக உலர்ந்த துணியில் மணக்கும் அந்த சோப்பு வாசத்தை இன்றைக்கும் எந்தக் கடையிலாவது முகர்ந்தால் கால் தானாக பெடலைத் தேடும். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் பச்சை நிற சைக்கிள் ஒன்று வாங்கினேன். காலேஜுக்குக் காவிரிப் பாலத்தில் எதிர்காற்றில் மிதித்துப் போனவளுக்கு இந்த மலை என்ன பெரிய மலை? சுடிதார், அதற்கு மேல் பூதம் மாதிரி ஒரு ஜாக்கெட், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி ஒரு முடிச்சு. அமெரிக்க சைக்கிளில் மணி இல்லை என்று தெரிந்ததும் அண்ணன் ஒரு மணி வாங்கி, ஊரிலிருந்து வந்தவர் கையில் பருப்புப் பொடியோடு கொடுத்தனுப்பினான். ஒவ்வொரு வளைவிலும் அடிப்பேன். தெருக் குழந்தைகள் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து ஓடிவந்து ஏமாந்து போகும்.

முதலில் ஒன்று புரியாமல் இருந்தது. கடையில், தபால் ஆபீஸில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சறுக்க வருபவர்களை மலை உச்சிக்கு ஏற்றும் லிஃப்டுக்கு மெக்கானிக், ராய் என்று ஒருவர், அவரும் சைக்கிளில்தான் மலைக்கு வருவார். ஒரு நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, உனக்கு எப்போது திருப்பித் தருகிறார்கள் என்று கேட்டார். எதை என்றேன். லைசென்ஸை என்றார். அப்புறம்தான் விளங்கியது. அந்த ஊரில் கோடையில் கலர் கலராக இறுக்கிப் பிடித்த உடுப்பில் வரும் நியூயார்க் கூட்டத்தை விட்டால், வளர்ந்த ஆள் சைக்கிளில் போகிறார் என்றால் குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவர் என்று அர்த்தம். அதாவது ஊரே என்னை மொடாக்குடிகாரி என்று முடிவுகட்டி வைத்திருந்தது. ஏகாதசி தவறாமல் விரதம் இருக்கும் என் அம்மாவுக்கு இதை நான் இன்று வரை சொல்லவில்லை.

கார்க்காரர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. பிக்கப் டிரக்கில் உரசுகிற மாதிரி வந்து ஹார்ன் அடிப்பார்கள். ரோட்டில் தூவிய உப்பும் சேறும் தலை வரை தெறிக்கும். ஒருவன் கூல்டிரிங்க் கப்பையே வீசினான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று நானும் கத்துவேன். அவனுக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன, எனக்கு ஏற்றம் கொஞ்சம் லேசாகிவிடும்.

அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் டாக்டர் அங்கிள் காரை நிறுத்தினார். கப்பல் மாதிரி ஒரு பழுப்பு நிறக் கார். கண்ணாடியை இறக்கி, "தமிழ்ப் பிள்ளையா?" என்றார். திருநெல்வேலிக்காரர். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்கா வந்துவிட்டவர். அன்றே வீட்டுக்கு இழுத்துப் போய் ஆன்ட்டி கையால் சொதி சாப்பாடு. அந்தப் பக்கத்தில் தமிழ் பேச இருந்த ஒரே வீடு அது. சாப்பிட வைத்தபடியே அங்கிள் அர்ச்சனையும் செய்தார். படித்த பிள்ளை இப்படியா போவது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். காலையில் நானே கொண்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு விடியுமுன்னே ஆபரேஷன், எதிர்த் திசை வேறு. தவிர, இன்னொருவர் கார் வாசலில் வந்து நிற்கிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்க்கும் வாழ்க்கை எனக்கு ஆகாது. இல்லீங்க அங்கிள், நானே போய்க்குவேன் என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே சண்டை, இதே சொதி.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில்தான் ஊர்க்கூட்டம் வந்தது. மலை ரோட்டில் முதல் பனியிலிருந்து வசந்தம் வரை சைக்கிள் கூடாது என்று தீர்மானம். ராய்தான் வந்து சொன்னார். அந்த ரோடு இல்லையென்றால் ஆபீஸ் இல்லை. ஆபீஸ் இல்லையென்றால் பிராஜெக்ட் போச்சு. திரும்ப கெஸ்ட் ஹவுஸ் மெத்தை, அப்புறம் விசா போய் ஊருக்கு விமானம். ஊரில் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

டவுன் ஹாலில் மடக்கு நாற்காலி, ஈர பூட்ஸ் வாசம், ஆறிப்போன காபி. முதலில் கரடி. குப்பைத் தொட்டியைக் கரடி உருட்டுகிறது, யார் பொறுப்பு என்று ஒரு பாடு பேசினார்கள். அடுத்து பனி தூவும் மிஷின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒரு பாட்டம். அப்புறம் சைக்கிள். கடைக்காரர் ஒருவர், கோடையில் வரும் அந்த இறுக்கு உடுப்புக்காரர்கள் ரோட்டையே அடைக்கிறார்கள் என்றார். அவர்கள் மேல் உள்ள கோபத்துக்குக் குளிர்காலத்தில் எதற்குத் தடை என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது பின் வரிசையிலிருந்து எழுந்தார் பாருங்கள், எங்கள் அங்கிள். கோட்டு, சூட்டு, கழுத்தில் ஆன்ட்டி பின்னிய மஃப்ளர். இந்தத் தீர்மானத்தைக் கேட்டு ஊர் ஆபீஸில் மனு கொடுத்ததே தான்தான் என்றார். கலெக்டரிடம் மனு கொடுக்கும் பழக்கம் எத்தனை கடல் தாண்டினாலும் போகாது போல. இங்கே ஒரு பெண் சைக்கிளில் போகிறாள், என் மகள் மாதிரி, ஒரு நாள் அவள் அடிபட்டு என் ஆபரேஷன் மேஜைக்கு வருவாள், அவளுக்கு என் கையால் மயக்க மருந்து கொடுக்கும்படி ஆகக் கூடாது என்றார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது.

எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? எழுந்துவிட்டேன். இங்கிலீஷ் தடுமாறியது, நிறுத்தவில்லை. நான் லைசென்ஸைப் பறிகொடுத்தவள் இல்லை, இன்னும் வாங்கவே இல்லை என்றதும் ஹாலில் சிரிப்பு எழுந்தது. என் சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்கள், அந்த ரோட்டில் எனக்கும் பங்கு உண்டு என்றேன். ரோடு எல்லோருக்கும் பொது, அதில் போக ஒருவர் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றேன். என் மேல் அக்கறை இருந்தால் என்னை நிறுத்தாதீர்கள், நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள் என்று முடித்தேன். ராய் விசிலே அடித்தார்.

முன் மேஜையில் உட்கார்ந்திருந்த ஊர்க் கவுன்சில்காரர்கள் கை தூக்கினார்கள். ஒரே ஒரு கை குறைவில் தீர்மானம் தோற்றது. வெளியே அங்கிள் என் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார். ஆன்ட்டிதான் எலுமிச்சை சாத டப்பாவை என் கையில் திணித்து, அவர் தூங்கியே எத்தனையோ நாளாகிறது என்றார். வெற்றி பெற்றவள் மாதிரியே நான் இல்லை. அந்தச் சாதத்தை லாண்டிரி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றேன்.

திங்கட்கிழமை காலை, முதல் வளைவில் பின்னால் வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. திரும்பினால் பழுப்புக் கார். ஹசார்டு விளக்கு இரண்டும் மினுக் மினுக். நான் மெதுவாகப் போனால் மெதுவாக வருகிறது, நின்றால் நிற்கிறது. அதற்குப் பின்னால் பிக்கப் வரிசை ஹார்ன் அடித்துக் கிழிக்கிறது. இறங்கிப் போய், எதுக்குங்க அங்கிள் மானத்தை வாங்கறீங்க என்று கேட்டேன். அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"ரோடு பொதுன்னு நீதானம்மா சொன்ன? நான் யார்ட்ட கேக்கணும்? மெதுவா ஓட்டச் சொன்ன, ஓட்டுதேன். நீ போ."

திரும்பிப் போய் சைக்கிளில் ஏறினேன். என் வாயால் ஜெயித்த வழக்கு, அந்த மனிதர் அதை வைத்தே என்னை மடக்கிவிட்டார். விடியற்கால ஆபரேஷன்களை வேறு டாக்டருக்கு மாற்றிக்கொண்டார் என்பது ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தார். நானும் காரில் ஏறவில்லை, அவரும் ஏறச் சொல்லவில்லை. ஒரு நாள் ஒரு பிக்கப்காரன் இறங்கி வந்து அவர் கண்ணாடியைத் தட்டிக் கத்தினான். அங்கிள் குரங்குக் குல்லாவோடு கீழே இறங்கி, "போலே, ஒன் சோலியப் பாத்துக்கிட்டு" என்றார். நான் ஏற்றத்திலிருந்து மணியடித்து ஆமோதித்தேன்.

வசந்தத்தில் அவர் காரிலேயே பழகி லைசென்ஸ் வாங்கினேன். பிராஜெக்ட் முடிந்தது, ஊர் ஊராக மாறினேன், டெக்சஸ் வந்து சேர்ந்தேன். இப்போதெல்லாம் அந்த மலையில் ஒழுங்காகப் பனியே விழுவதில்லையாம். ராய் எங்கே என்று தெரியாது. அங்கிள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பழுப்புக் காரை யாரோ பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனதாக ஆன்ட்டி ஃபோனில் சொன்னார்.

சேலத்துத் தம்பியிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சேஃப்டி வேண்டுமானால் நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள் தம்பி என்றேன். அவர் முகம் விழுந்தது. விழட்டும். பஞ்சர் ஒட்டி முடித்து, மகனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய ரோட்டுக்கே போனேன், வேண்டுமென்றே. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கார், விளக்கு எதுவும் மினுக்கவில்லை, விர்ரென்று என்னைத் தாண்டிப் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோட்டின் ஓரத்துக்கு ஒதுங்காமல் மிதித்தேன்.