பிளாட்பாரத்தில் பிரித்த தையல்

என் வாப்பா பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். அவர் துணி வெட்டினார். நான் படித்துப் பட்டம் வாங்கித் தோல் வெட்டினேன். ஆட்கள் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தது அவர் கடைக்குத்தான்.

எழுபதுகளில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்தால் முதலில் பாதத்தைத்தான் பார்ப்பேன். நம் நிறத்தவருக்குத் தோல் புற்று உள்ளங்காலிலும் வரும். வெறுங்காலோடு மலை ஏறுகிறவர்கள் அந்தக் கறுப்புத் திட்டை மண் என்று நினைத்துக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அதைப்பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்பினேன். முதல் கண்டுபிடிப்பு ஒரு கங்காணியின் குதிகாலில் இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொல்லும்போதே, தாதி ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தாள். போய்விட்டது. ரோட்டுத் தார்.

மற்றவர்களுடையது துடைத்தால் போகவில்லை.

வெட்டிய பிறகு பல வருடம் பார்த்துவந்தால்தான் பிழைத்தார்களா என்று தெரியும். என் ஆட்களோ, இரண்டு அரசாங்கங்களும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி எப்படி என்று கொழும்பில் ஒரு பெரிய டாக்டர் கேட்டார். "பாதி ராமேஸ்வரத்துல இறங்கிடுச்சு சேர்" என்றேன்.

கொழுந்து பறிக்கும் ஒருத்திக்குக் குதிகாலில் கரும்புண். வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டியிருந்தேன். தையல் பிரிக்க அவள் வரவில்லை. அன்று காலை ரயிலில் குடும்பத்தோடு போகிறாள் என்று அவள் தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னார். கத்தரியும் பஞ்சுமாக ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. போகிறவர் யார், நிற்கிறவர் யார் என்று தெரியவில்லை. தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளின் காலடியில் மண்டியிட்டேன்.

"இங்க பாருங்கடி, டாக்டரய்யா கால்ல விழுந்து போகாதேங்குறாரு!" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி. அழுதவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

"விழுந்தா மட்டும் நிக்கவா போறாங்க?" என்றேன்.

ஒட்டு அழகாகப் பிடித்திருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு தையலைப் பிரித்தேன். பிறகு, வழக்கம்போல, முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கல் மாதிரி.

அதே இடத்தை நான் மறுபடி அழுத்திப் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"என்னங்கய்யா?"

"நோய் மேல ஏறிடுச்சும்மா. திரும்ப வெட்டணும். இன்னைக்குப் போகாதீங்க."

"நின்னா பொழச்சிருவேனா?"

"பொழைக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

பக்கத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன் அவளைப் பார்த்தார். "நிப்பமா?"

"எங்க நிக்கிறது? தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க, லயத்து வீட்டப் பூட்டிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே பாஸ்போட்டு. நான் நின்னா இதுங்களும் நிக்கணும்." பிறகு அவரை அதட்டினாள். "பெட்டிய ஏத்துங்க."

"இறங்கின உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இந்த எடத்தக் காட்டுங்க" என்றேன்.

"அங்கயும் கால்ல விழுற டாக்டரு இருப்பாரா?"

பதில் தெரிந்தும் கேட்டாள். புதுத் தோலை அழுத்தி ஊன்றி, எதையும் பிடிக்காமல் ரயிலுக்குள் ஏறினாள். ஒட்டு தாங்கியது. ஒரு வைத்தியனுக்கு அந்த நேரத்திலும் அதுதான் கண்ணில் படும்.

ரயில் போன பிறகும் வெட்டிய நூல்கள் என் உள்ளங்கையிலேயே இருந்தன. என்னை யாரென்று தெரியாத வேறு தோட்டத்துக்காரர் ஒருவர், முகம் துடைத்துக்கொள்ளத் தம் துண்டை என்னிடம் நீட்டினார்.

"ஒங்க ஆளுங்களும் போறாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.