மழை படாத வண்டி

போன காணும் பொங்கலன்று, எங்கள் ஊர் மரக்காணத்தில் நடந்தது இது. ஈ.சி.ஆர். ஓரத்தில் பழைய கார்களுக்கென்று ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். எல்லாம் ஓர் உப்பள முதலாளி ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தவை. அவர் காலமான பிறகு பிள்ளைகள் ஏ.சி. ஹால் கட்டி, டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டுகிறார்கள்.

நான் திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்பவள். பண்டிகைக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். "வாம்மா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று நான்தான் கிளப்பினேன். எங்கே கூப்பிட்டாலும் வராத அம்மா, உடனே புடவை மாற்றிக்கொண்டாள்.

"அந்தப் பச்ச வண்டி இருக்குதான்னு பாக்கணும்டி. பாவம், அத்த சரி பண்ணாங்களோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பச்சை வண்டியை நானும் மறக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் அந்த முதலாளியின் உப்பளத்தில்தான் கூலி. ஒருநாள் மத்தியானம் வானம் திடீரென்று கறுத்துவிட்டது. உப்புக் குவியல் நனைந்தால் அவ்வளவுதான், கரைந்துவிடும். எல்லோரும் பனை ஓலையைத் தூக்கிக்கொண்டு மூட ஓடினார்கள். அப்பா இழுத்த ஓலைக்குள் பாம்பு இருந்தது. கையில் கடித்துவிட்டது. அப்படியும் குவியலை மூடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் மனுஷன்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு முதலாளி பங்களாவுக்கு ஓடினாள். அக்கம்பக்கத்தில் கார் என்றால் அப்போது அவரிடம் இருந்த அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் பிறகு சேர்த்தது. ஷெட்டில் வண்டி நின்றது. முதலாளி வாசலுக்கே வந்து, "வண்டி ரிப்பேரும்மா, காலைலேருந்து ஸ்டார்ட் ஆவல" என்று கையை விரித்தார்.

கொட்டுகிற மழையில் அப்பாவை ரோட்டோரம் கிடத்தி லாரிக்குக் காத்துக் கிடந்தோம். மழையில் உப்பு லாரி ஏது? கடைசியில் ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். புதுச்சேரி ஆஸ்பத்திரியைப் பார்க்காமல், வழியில் கூனிமேட்டிலேயே அப்பா போய்விட்டார்.

முதலாளி மாலையோடு வந்தார். சுடுகாடு வரை நடந்தே வந்தார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பிறகும் வருஷக்கணக்காக அவர் உப்பளத்திலேயே கால் வெடிக்க வேலை செய்தாள். நான் வளர்ந்து ஏதாவது முணுமுணுத்தால், "வாய மூடுடி. வண்டி ரிப்பேருன்னா அவரு என்னா பண்ணுவாரு, பாவம்" என்று என்னைத்தான் அடக்குவாள். மழை வந்தாலே இந்தப் பேச்சு வந்துவிடும்.

மியூசியத்தில் பச்சை வண்டியை ஹால் நடுவில், சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவள் மாதிரி நின்று பார்த்தாள். பிறகு, சுற்றிக் காட்டுகிற பெண்ணிடம், "இத்த எப்பம்மா சரி பண்ணீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "இது ஒருநாள் கூட ரிப்பேர் ஆனதில்லீங்கம்மா. பெரியவர் தெனம் காலையில அவரே ஸ்டார்ட் பண்ணிப் பாப்பாராம். மழைன்னா மட்டும் வெளிய எடுக்கவே மாட்டாராம். வாங்குனதுலேருந்து ஒரு சொட்டு மழை படாத வண்டின்னு பெருமையா சொல்லுவாராம்."

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. கயிற்றைத் தாண்டிப் போய்க் கண்ணாடியை உடைக்கலாமா என்றிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வழியில் உப்பளம் வந்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுது தீர்த்துவிடட்டும் என்று பக்கத்தில் நின்றேன். அவள் அழவில்லை.

"அன்னிக்கி உப்பு நனையலடி. உங்கப்பா நல்லாத்தான் மூடியிருந்தாரு" என்றாள்.

அதோடு சரி. அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றியும் பேசுவதில்லை, முதலாளியைப் பற்றியும் பேசுவதில்லை. இப்போது மழை பிடித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். உண்மை தெரிந்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். யாருக்கு லேசானதோ தெரியவில்லை. இத்தனை வருஷம் யாரையும் வெறுக்காமல் அம்மாவை வாழவைத்தது அந்த ஒரு பொய்தான், டிக்கெட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போய் அதையும் நானே பிடுங்கிவிட்டேன்.