தெற்கே விழுந்த நிழல்

மேகமே இல்லாத வானத்துக்குக் கணக்குப் போடுவதுதான் என் முதல் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு சிறிய ஆராய்ச்சி அலுவலகம். பழைய பங்களா ஒன்றின் மாடியில் நாலு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம். மேற்கே இருக்கும் ஒரு மலை மாவட்டத்தில் எந்தச் சரிவில் எவ்வளவு வெயில் விழும் என்று மாதவாரியாக வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் திட்டம். எங்கே என்ன நடலாம் என்று முடிவு செய்ய அது உதவுமாம். அந்த மாவட்டத்தில் வருடத்தில் பாதி நாள் மழை கொட்டும். அதனால் என்ன, முதலில் மேகமே இல்லை என்று வைத்துக்கொண்டு போடுவோம், மேகத்தை அப்புறம் கழித்துக்கொள்ளலாம் என்பார் எங்கள் சார்.

என் கணவருக்கு இது தீராத வேடிக்கை.

"வானம் தெளிவா இருந்தா இவ்ளோ வெயில்னு சொல்ல ஒரு ஆபீஸ். தெளிவா இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க, லீவு விட்டுடுவாங்களா?"

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். அவர் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தார். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் உண்மையிலேயே கேட்ட ஒரு நாள், எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இழுத்துப் போனேன். தட்டைப் படுக்கையாகப் பிடித்து, இது சமதரை என்றேன். சூரியனைப் பார்க்கிற மாதிரி சாய்த்து, இப்போது இதே தட்டுக்கு வெயில் அதிகம் என்றேன். எதிர்ப்பக்கம் சாய்த்து, இப்போது குறைவு என்றேன். சமதரைக்குக் கணக்குச் சுலபம், சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சரிவுக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். பிறகு வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம், பக்கத்துத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் என்று சில்லறைகளைச் சேர்க்கவேண்டும். இதைத்தான் அந்த மாவட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நான் செய்துகொண்டிருந்தேன்.

"தட்டுல சோறு எப்ப விழும்?" என்றார் அவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவரிடம் கோபப்பட்டால் அவர் சிரிப்பார், அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வரும், கோபம் வீணாகிவிடும். அதனால் அலுவலகத்தில் காட்டுவதற்கென்று அதைச் சேமித்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் மே மாதம் அவருக்கு மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேனேஜர் பதவி. அவர் ரொம்ப காலமாக வாய்விட்டுச் சொல்லாமல் காத்திருந்த பதவி. அவருடைய அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் அங்கேதான். பெங்களூர் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று வந்த நாளிலிருந்து புலம்புகிறவர் வேறு. எனக்கோ அந்த ஊரும் பிடித்துப்போய்விட்டது, வேலையும் பிடித்துப்போய்விட்டது. எம்.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளை மனுஷியாக்கிய வேலை அது. ஆனால் என்னுடையது ஒப்பந்த வேலை, ஜூன் மாதத்தோடு முடிகிறது.

சண்டை போட்டுப் பார்த்தோம், சரிப்படவில்லை. கடைசியில் சமையலறையில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். என் ஒப்பந்தம் நீண்டால் அவர் மெட்ராஸ் பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நீளாவிட்டால் நான் மூச்சு விடாமல் மூட்டை கட்டவேண்டும். முடிவு எதுவானாலும் யாரும் யாரையும் குத்திக்காட்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை என் குணம் தெரிந்து அவர்தான் சேர்த்தார்.

ஒப்பந்தம் நீளும் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. வரைபடங்கள் முடிந்துவிட்டன. ஜூன் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள். பார்த்துத் தலையாட்டினால் திட்டம் முடிந்தது, நானும் முடிந்தேன்.

அந்த வாரம்தான், கட்டங்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தெற்குப் பார்த்த ஒரு சரிவுக்கு மே மாத உச்சிவெயில், ஏப்ரல் முதல் வாரத்து வெயிலைப் போலவே இருந்தது. பக்கத்துச் சரிவையும் பார்த்தேன், அங்கேயும் அப்படியே. ஒரு தாளை எடுத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். எங்கள் ப்ரோக்ராமில் சூரியன் ஏப்ரல் கடைசியில் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதற்கு மேல் வடக்கே போகவேண்டியது, போகாமல் வந்த வழியே தெற்கே திரும்பிவிடுகிறது!

அந்த ப்ரோக்ராம் சார் வெளிநாட்டில் படித்தபோது எழுதியது. மிகவும் குளிரான நாடு. சூரியனின் திசைக்கு அவர் போட்டிருந்த சூத்திரம், கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். தெற்குப் பக்கமா வடக்குப் பக்கமா என்று சொல்லாது. அந்த ஊரில் உச்சிவேளைக்கு அந்தக் கேள்வியே கிடையாது, வருடம் முழுக்கச் சூரியன் தெற்கில்தான் நிற்கும். அதனால் தெற்கு என்றே எழுதி வைத்துவிட்டார். அதை அப்படியே பெட்டியில் போட்டு பெங்களூருக்குக் கொண்டுவந்து, நாங்கள் ஒரு மாவட்டத்துக்கே வெயிலைத் தப்பாகப் பங்கு போட்டுவிட்டோம். சரியாகப் போட்டால் மே, ஜூன், ஜூலையில் வடக்குச் சரிவுக்குத்தான் வெயில் அதிகம்.

வெள்ளிக்கிழமை தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். சார் நல்ல மனிதர். பெங்களூரிலேயே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பாதிப் பேச்சு கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடியும்.

"சும்னே ஏன்மா டென்ஷன் ஆகறே? தெற்குச் சரிவுக்குத்தான் வெயில் ஜாஸ்தி. எந்தப் புக்கை வேணா எடுத்துப் பாரு."

"அந்தப் புக்கு எழுதினவங்க ஊர்ல சூரியன் தலைக்கு மேல வந்ததே இல்ல சார். நம்ம ஊர்ல தலையைத் தாண்டி வடக்கே போயிடுது. ஆகஸ்ட்லதான் திரும்பி வருது."

"நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன்மா. மத்தியான வெயில் வடக்கேருந்து அடிச்சு நான் பார்த்ததே இல்ல."

"எப்படி சார் பார்ப்பீங்க? அந்த மாசமெல்லாம் மேகம்!"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "அக்ரிமென்ட் முடியற நேரத்துல தப்பு கண்டுபிடிக்கிறியே, என்னம்மா சமாச்சாரம்?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் சேமித்து வைத்திருந்த கோபம் மொத்தமும் அங்கேயே செலவாகிவிட்டது. நான் என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கடைசியாக, "மாடிக்கு வாங்க சார், ஒரு குச்சியை நட்டுக் காட்டறேன்" என்று கத்தியது நினைவிருக்கிறது. எங்கள் அலுவலக மாடியிலோ தூங்குமூஞ்சி மரத்தின் நிழலைத் தவிர வேறு நிழலுக்கு இடமில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"சரி. ஞாயித்துக்கெழமை உங்க வீட்டு மாடிக்கே வரேன். காபி உண்டா?"

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் வானம் முழுக்கக் கம்பளி போர்த்திய மாதிரி மேகம். மேகமில்லாத வானத்துக்கென்றே இத்தனை நாள் கணக்குப் போட்டவளுக்கு, வேண்டிய ஒரு நாளில் மேகம்! என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே மேலே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது நிபந்தனை.

சார் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார், பாக்கெட்டில் திசைகாட்டியோடு. மூவரும் மொட்டை மாடிக்குப் போனோம். துணிக்கொடியைத் தாங்கி நின்ற மூங்கில் கழியை வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். ஆளுயரத்துக்கும் சற்று மேலே இருக்கும். சிமென்ட் தரையில் கழியை நட முடியாது, யாராவது பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். சார் கையில் திசைகாட்டி. நான் தரையில் சாக்பீஸால் கோடு போடவேண்டும்.

"சார், நீங்க ஸ்வல்ப பிடிங்களேன்," என்று சார் என் கணவரிடம் கழியைக் கொடுத்தார்.

கழியின் உச்சியிலிருந்து ஒரு நூலில் சின்னப் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். நூலும் கழியும் ஒட்டினாற்போல் இருந்தால் கழி நேராக இருக்கிறது என்று அர்த்தம். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது. சூரியனுடைய பன்னிரண்டு பெங்களூருக்கு வர அதற்கு மேல் இருபது நிமிடம் ஆகும். வந்தது, போனது. வெயில் வரவில்லை. சார் காபியைக் குடித்தார். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கழிய எப்ப குடுப்பீங்க? புடவையெல்லாம் தரையக் கூட்டுது!"

"அஞ்சே நிமிஷம் ஆன்ட்டி!"

"காலையிலேருந்து அஞ்சு நிமிஷமா?"

சார் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். நான் தரையில் மண்டியிட்டபடி, மெட்ராஸுக்கு எந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது, எதைக் கொடுத்துவிடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது மேகம் கொஞ்சமாக விலகியது. தரை முதலில் மஞ்சளாகி, பிறகு வெளுத்தது.

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. தெற்கே நிழல் விழுந்தால் வரைபடமெல்லாம் மறுபடி போடவேண்டும், நான் இந்த ஊரில் இருப்பேன். விழாவிட்டால் மெட்ராஸ். நிழலோ, என் கணக்குப்படி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பெரிது. கழியின் உச்சியை அதே அளவு வடக்கே சாய்த்தால் போதும், நிழல் காலடியில் காணாமல் போய்விடும். அந்தக் கழியை, உலகத்தில் மெட்ராஸ் போகவேண்டும் என்று ஆசைப்படும் ஒரே மனிதர் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன். நானும் சாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே நூலைப் பார்த்தது அவர் மட்டும்தான். காற்று வேறு பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிழல் விழுந்தது. முதலில் மங்கலாக, பிறகு கறுப்பாக. தெற்கே. நான் கோடு போட்டேன். சார் குனிந்து திசைகாட்டியைக் கோட்டின் பக்கத்தில் வைத்தார். எடுத்துத் தட்டிப் பார்த்து மறுபடியும் வைத்தார். பிறகு கண்ணுக்குக் கையைக் குடை பிடித்து மேலே பார்த்தார்.

"அட ராமா," என்றார். "வடக்கேதாம்மா நிக்குது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனதுக்குள் எத்தனை வருடத்துக் கணக்குகள் ஓடியதோ! எழுந்தபோது சிரித்தார், அதை நான் இன்றும் மதிக்கிறேன்.

"நாளைக்கு வரவங்ககிட்ட நானே சொல்லிடறேன். எல்லாக் கட்டமும் மறுபடி போடணும். குறைஞ்சது ஆறு மாசம். வேற யாரும் வேண்டாம், நீயே போடு."

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது, குதிக்கவும் செய்தேன். மேகம் மறுபடியும் மூடிவிட்டது. என் கணவர் இன்னும் கழியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், யாரும் போதும் என்று சொல்லவில்லை.

சார் போனதும் என் கணவர் கழியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட்டார். குத்திக்காட்டவில்லை, முகத்தைத் தூக்கவில்லை, சாம்பாரைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் மாலை தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவரோடு நானும் போனேன். கண்ணாடிக்கு உள்ளே எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார். "இல்ல சார். யோசிச்சுத்தான் சொல்றேன். இங்கேயே இருந்துக்கறேன்," என்றது மட்டும் வெளியே கேட்டது. ரிசீவரை வைத்த பிறகும் உடனே திரும்பவில்லை. வெளியே வந்தபோது என் கண்ணில் தண்ணீர். ஜெயித்தவளும் நான், அழுகிறவளும் நானா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஏங்க," என்றேன். "அந்தக் கழிய நீங்க கொஞ்சம் சாய்ச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும். நீதான் தட்டை வெச்சு சொல்லிக் குடுத்தியே."

"அப்புறம் ஏன் சாய்க்கல?"

அவர் சட்டைப் பையில் சில்லறையைப் போட்டுக்கொண்டார்.

"சாய்க்கலாம்னுதான் நெனச்சேன். ரெண்டு தடவை நெனச்சேன். நீ கீழ மண்டி போட்டு உக்காந்து, நிழல் வருமா வருமான்னு அந்தத் தரையையே பார்த்துட்டு இருந்தே. கை வரல."