கூழ் உபயம்

எங்கள் மாவட்டத்தில் ராப் பாடும் முதல் பெண் என்றுதான் மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, போட்டிக்கு வேறு யாரும் வராததால் ஜெயித்தவள். குரலும் தேன் இல்லை. பள்ளிக்கூட இறைவணக்கத்தில் வாயை மட்டும் அசைக்கச் சொன்ன டீச்சருக்கு நல்ல காது.

நான் தொழில் பழகியது திண்டிவனத்தில் ஒரு விளம்பர ஆட்டோவில். ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியை, பட்டுச்சேலை முதல் ஜட்டி வரை, ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அந்த மூச்சில்தான் பிறகு என் சொந்த வரிகளை ஏற்றினேன். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகும் அம்மாவின் இடுப்புவலி, டவுன் பஸ்ஸில் இடிக்கும் முழங்கை, எங்கள் தெருவுக்கு முன்பே நின்றுவிட்ட தார் ரோடு. குயிலாப்பாளையத்தில் பாடினேன், விழுப்புரத்தில் கல்லூரி விழாவில் பாடினேன், சென்னையில்கூடப் பாடிவிட்டேன். பெருமுக்கல் பக்கத்தில் இருக்கும் என் சொந்த ஊரில் மட்டும் மைக் கிடைக்கவில்லை.

விழாக்குழுத் தலைவர் என் பெரியப்பா. ஒவ்வோர் ஆடிக்கும் கேட்பேன்.

"பொம்பளப் புள்ள மேடையில கைய ஆட்டிக்கினு திட்டுதுன்னு ஊரு பேசும்மா. பேஜாரு."

"திட்டல பெரியப்பா. அது ராப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான?"

என் சில பாட்டுகளைக் கேட்டவர்கள் இதை மறுப்பது கஷ்டம்.

போன ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நேரம். உபயதாரர் பெயர்களை மைக்கில் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெரியப்பா வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் ஆட்டோல பேசறவளாச்சே. பேர மட்டும் படிச்சிட்டு ஜல்தியா எறங்கிடு. பாட்டு கீட்டுன்னு ஆரம்பிச்ச, மைக்க அணைச்சிடுவேன்."

படித்தேன். பந்தல் உபயம், பூ உபயம், மைக் செட் உபயம், எல்லாம் ஆண்கள். கூழ் உபயம் பெரியப்பா. அவர் அடுப்புப் பக்கம் போனது ருசி பார்க்க மட்டும்தான். எதிரே என் அம்மாவும் தெருப் பெண்களும் விடியலிலிருந்து புகையில் நின்று சிவந்த கண்களோடு கூழை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

காகிதம் முடிந்தது. நான் இறங்கவில்லை.

"கேப்பை அரைச்சவ பேரு எங்க, வெறகு சொமந்தவ பேரு எங்க, பொகைய முழுங்கி கூழத் துழாவி நின்னவ பேரு எங்க எங்க..."

அப்படியே ஒவ்வொருத்தி பெயரையும் தள்ளுபடி வேகத்தில் இறக்கினேன். பம்பைக்காரருக்குக் கை சும்மா இருக்குமா, தாளம் பிடித்துவிட்டார். பெரியப்பா மைக் செட்காரரைப் பார்த்துக் கழுத்தறுக்கிற மாதிரி சைகை காட்டினார்.

"அணைப்பா."

"இருங்க தலைவரே. எங்க வூட்டம்மா பேரு இன்னும் வரல."

வந்தது. கடைசியாக என் அம்மாவின் பெயர். அந்தப் பெயரை மைக்கில் கேட்பது எனக்கே முதல் தடவை. கொஞ்சம் தடுமாறினேன், பம்பை காப்பாற்றியது.

இறங்கியதும் பெரியப்பா, "இனிமே உனக்கு இந்த ஊருல மைக்கு கெடையாது" என்றார்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "செரி மாமா. அடுத்த ஆடிக்குக் கூழ நீங்களே துழாவிக்குங்க."

மற்ற பெண்களும் வைத்துவிட்டார்கள். வரிசையில் சொம்போடு நின்றவர்கள் எல்லாரும் பெரியப்பாவைத்தான் பார்த்தார்கள்.

இந்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். என் பெயருக்கு எதிரே 'சிறப்புச் சொற்பொழிவு' என்று இருந்தது. அதை மாற்றினால்தான் மேடை ஏறுவேன் என்றேன்.

"சாமி நோட்டீஸ்ல ராப்புன்னு எப்பிடிம்மா போடறது?"

"மைக் செட்டுன்னு இங்கிலீசுல போட்டுக்கினுதான இருக்கீங்க. அதுக்குக் கீழயே போடுங்க."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். நான் என்னுடையதை நீட்டினேன்.