ஃபிரிட்ஜ் காந்தத்தில் அண்ணன் நம்பர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காபிக் கோப்பை வடிவத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கிறது. ஏற்காடு பக்கம் கரடியூரில் தங்கும் வீடு ஒன்றின் விளம்பரம். அலுவலக நண்பர் கொடுத்தது. சென்ற ஜனவரியில் விடுமுறை கிடைத்ததும் அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். "அந்த ஊடு மூடியாச்சுங்க. டவுன்ல நம்ம லாட்ஜ் இருக்குது, வாங்க" என்றார் ஒருவர்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி ஒன்பது மணிக்குள் ஏற்காடு டவுனில், ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கினோம். லாட்ஜில் பையை வைத்துவிட்டு நானும் மனைவி உமாவும் ஆட்டோவில் கரடியூர் காட்சிமுனைக்குக் கிளம்பினோம். போய்வர எண்ணூறு ரூபாய், பேசினால் குறையும்.

வழியில் ஒரு வீட்டுப் பலகையில் அதே கோப்பைப் படம். கதவு திறந்திருந்தது.

"இத மூடிட்டதா சொன்னாங்களே?" என்றேன்.

"யாருங்க சொன்னது?" டிரைவர் வண்டியை நிறுத்தினார். "செல்வியக்கா உள்ளதான் இருக்கறாங்க. எறங்கிப் பாருங்க."

செல்விதான் அந்த வீட்டை நடத்துபவர். காபி கொடுத்தார். காந்தத்தில் உள்ள படமும் அவர் வரைந்ததே. அதை அச்சடித்தபோது அவரிடம் போன் இல்லாததால் அண்ணன் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். பிறகு அண்ணன் டவுனில் லாட்ஜ் தொடங்கிவிட்டார். அழைப்பவர்கள் எல்லாரும் இப்போது அங்கேதான் போகிறார்கள்.

ஃபிரிட்ஜ் காந்தம் ஆரம்பத்தில் வெறும் அலங்காரம்தான்: சின்னப் பொம்மை, அதன் முதுகில் ஒரு காந்தத் துண்டு. ரப்பர்போல் வளையும், அச்சடிக்கத் தோதான காந்தத் தகடு வந்ததும் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். பால் எடுக்கப் போனாலும் கண்ணில் படும் இடமாயிற்றே. அதுவே செல்விக்கு வினையாகிவிட்டது.

"நோட்டீஸ்னா கிழிச்சுப் போட்டுருவாங்க. இது வருசக்கணக்கா ஒட்டிக்கிட்டே இருக்குதுங்க. ஒவ்வொரு ஊடாப் போயி நம்பர மாத்த முடியுங்களா?"

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் உமா.

"கேட்டேனுங்க. நம்பர் என்னுதுதானேன்னுட்டாரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. இந்த மாசம் ஆளே வரலீங்க. இப்படியே போனா எஸ்டேட் வேலைக்குத்தான் போவோணும்."

அன்று மாலையே லாட்ஜைக் காலி செய்தோம். கவுன்டரில் அண்ணனே இருந்தார்.

"ஏனுங்க, ரூம் சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கு. உங்க தங்கச்சி வீட்டுக்குப் போறோம்" என்றாள் உமா.

அவர் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். "மாடி ரூமக் கேளுங்க. அதுதான் நொம்ப நல்லா இருக்கும்" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

அண்ணன் சொன்னதைச் செல்வியிடம் சொன்னோம். "அது அண்ணன் கூடவே நின்னு கட்டுன ரூமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வை எடுக்கப் போனார்.

போன வாரம் செல்வியிடம் போனில் பேசினேன். அண்ணன் இரண்டு குடும்பங்களை அனுப்பினாராம். பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் இல்லை.

கரடியூர் போகிறவர்கள் ஸ்வெட்டரை மறக்காதீர்கள். திரும்பிவரும் ஆட்டோவையும் முதலிலேயே பேசிவிடுங்கள். தங்குவதானால் மாடி அறையைக் கேளுங்கள். விடியும்போது படுத்தபடியே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. ஜன்னலை அந்தப் பக்கம் வைத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.