மடியில் கனத்த பெயர்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. என் மனைவியின் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. தாம்பரம் கிழக்கில் ஒரு கிளினிக்கின் மாடியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டோடு கீழே டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது என் சட்டைப் பையில் ஒரு மேடைப் பேச்சு இருந்தது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் எங்களோடு நடக்க வரும் எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒருவர் கவிதைப் புத்தகம் போட்டிருந்தார். மறுநாள் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வெளியீடு. பேச வேண்டியவன் நான். எதுகை மோனையோடு, கைதட்ட இடம் விட்டு எழுதினால்தான் கவிதை என்பது என் கட்சி. அவருடைய கவிதைகளிலோ கைதட்டுவதற்குள் பக்கம் முடிந்துவிடும். ஒன்று இப்படி இருந்தது:

கதவு திறக்கிறது.
வேறொரு பெயர்.
கதவு மூடுகிறது.
மடியில் ஒரு பெயர் கனக்கிறது.

"பெயர் எத்தனை கிலோ? பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கியவன் புலம்பலா இது?" என்று பேச்சில் எழுதி, எழுதும்போதே சிரித்தும்விட்டேன். சபையில் யாரும் சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்ற முன்னெச்சரிக்கைதான்.

வாசலில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பிரித்தேன். ஆங்கிலம்தான், ஆனால் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

"புரியுதா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்புறம் எதுக்குங்க அஞ்சாவது வாட்டி படிக்கிறீங்க?"

"உன்னப் பத்தி எழுதியிருக்கே!"

அவள் சிரித்தாள். "அந்த மனுஷன் புக்க ஒரு வாட்டி படிச்சிட்டு, புரியலன்னு தூக்கிப் போட்டீங்க."

ரிப்போர்ட்டை மடித்துக் கவருக்குள் வைத்தேன்.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் இல்லை. கதவு மூடியது. குனிந்து பார்த்தேன். என் மடியில் ரிப்போர்ட் கவர். அதன்மேல் பெரிய எழுத்தில் அவள் பெயர்.

ஐம்பது கிராம்கூட இருக்காது அந்தக் கவர். என்னால் தூக்க முடியவில்லை.

அதன்பின் கதவு நான்கு முறை திறந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கவிதை எனக்குள் தானாக ஓடியது. ஐந்தாவது முறை எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அரை நிமிடம் பார்த்தார். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. சாதாரண கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு ஒருவாட்டி பாத்துக்கலாம்."

ஸ்கேன் எடுத்தது அவளுக்கு. ஆனால் அவள்தான் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி, ஓட்டலில் உட்கார வைத்தாள். "ரவா தோசை எனக்குத்தான் சொன்னேன்" என்று அவள் சொன்னபோது பாதியை நான் தின்றிருந்தேன்.

மறுநாள் மேடையில் சட்டைப் பையைத் தொடவே இல்லை. அந்தக் கவிதையைப் படித்துவிட்டு, கிளினிக் வாசலைப் பற்றி மட்டும் பேசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

இறங்கியதும் கவிஞர் என் காதருகே குனிந்தார். "சார், உண்மையச் சொல்லட்டா? அது பல்லு புடுங்கப் போன எடத்துல என் டோக்கன மடியில வெச்சிகினு எழுதுனது. நீங்க பேசறப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

பல் விஷயத்தில் என் ஊகம் சரிதான். ஆனாலும் அந்தக் கவிதையிடம் தோற்றவன் நானே.

இப்போதும் ஏதாவது கவிதை புரியவில்லை என்றால், அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொரு முறை படிக்கிறேன். பாதிக்குமேல் அப்படியும் புரிவதில்லை, ஆனால் நிமிர்ந்து பார்த்தால் அவள் எதிரில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்ய ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிறாள், மடியில் கனம் எதுவும் இல்லை.